தாத்தாவின் பேனாக்கத்தி: துருவை எடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

மயிலைவாசி:

வணக்கம். என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். மூர் மார்க்கெட் 1985 ஆம் ஆண்டு தீக்கிரையாவதற்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்த ஒரு பழைய சாமான் கடையில் அவர் வாங்கிய மடக்குக் கத்தி, சென்ற மாதம் பரணை ஒழித்தபோது இறுக மூடிய ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடைத்தது. அவர் அதைப் பேனாக்கத்தி என்றுதான் சொல்வார். பென்சில் சீவுவது, பார்சல் கயிறு அறுப்பது, மாம்பழம் நறுக்குவது எல்லாம் அதனால்தான். மடக்கினால் என் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று.

பெரிய அலகின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரமும் சிலுவையும், ஒரு கிரீடமும் அதன் இருபுறமும் ஜி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும், ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு, இங்கிலாந்து என்ற சொற்களும் தெரிகின்றன. கைப்பிடி வெண்ணெய் நிறம். அது யானைத் தந்தம் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

ஆயுத பூஜைதோறும் பாட்டி இதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்தப் பொட்டு இருந்த இடத்தில், துவரம்பருப்பு அளவுக்கு வட்டமாகத் துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறது. அதைவிட, மடக்கும்போது கைப்பிடிக்குள் மறையும் பகுதி முழுவதும் செந்துரு ஏறி, சிறிய அலகு திறக்கவே மறுக்கிறது. அதே டப்பாவில் ஒரு கத்தரிக்கோலும் இருந்தது. கத்தியோடு ஒட்டிக்கிடந்த பக்கம் மட்டும் துருப்பிடித்து, மறுபக்கம் நன்றாகவே இருக்கிறது. இது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கத்தி எந்தக் காலத்தைச் சேர்ந்தது, சாணைக்காரரிடம் கொடுத்துத் துருவை எடுக்கலாமா, பிற்காலத்தில் விற்பதென்றால் மதிப்பு இருக்குமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாணைக்கல்:

சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் மாமாவின் சோலிங்கன் மடக்குக் கத்தியைத் தெருவில் வந்த ஒருவரிடம் நான் கொடுத்தேன். அரை நிமிடம் பொறி பறந்தது. திரும்பி வந்தபோது முத்திரையில் பாதி காணாமல் போயிருந்ததோடு, நுனியில் மயில் கழுத்து நீலம் பூத்திருந்தது. அந்த நீலம் தெரிந்தால் எஃகு ஏறக்குறைய 300 டிகிரி சூட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் பழகிய கையின் மேல் குறை சொல்வதற்கில்லை. காகித அட்டை கனமுள்ள அலகை அந்தச் சக்கரத்தில் வைக்கச் சொன்ன தவறு என்னுடையது.

துருவில் இரண்டு வகை உண்டு. விரலில் ஒட்டும் செந்துரு இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். அதை எடுத்தே ஆக வேண்டும். பல்லாண்டுகள் பழம் நறுக்கியதால் அலகில் படிந்த சாம்பல் நிறமும் கருமையும் கெடுதல் செய்வதில்லை, அவை ஓரளவு காப்பாகவும் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் அவற்றைத் தொடவே மாட்டார்கள். இரண்டு அலகுகளையும் முடிந்தவரை திறந்து வைத்து, கத்தியை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு நான்கு பூஜ்ஜிய எண் கொண்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கூடாது. அதன் கீறல் என்றைக்கும் போகாது. முத்திரை இருக்கும் இடத்தில் ஸ்டீல் வுல்லும் வேண்டாம், மூங்கில் குச்சியின் நுனியே போதும். சந்தனப் பொட்டின் குழியில் துரு போனபின் கரும்புள்ளி நிற்கும். அதை மட்டமாக்க வேண்டுமென்றால் அலகு முழுவதையும் இளைக்க வேண்டும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகி அலகையே பிடித்துக்கொள்ளும். பழம் நறுக்கப் போகிறீர்கள் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை அலகில் மெல்லிதாகத் தடவுங்கள். கடற்காற்று அடிக்கும் மயிலாப்பூரில் மாதம் ஒரு முறையாவது இதைச் செய்வது நல்லது.

பழஞ்சாமான் பிரியன்:

காலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற முத்திரை. கிரீடத்தின் இருபுறமும் உள்ள எழுத்துகள் அப்போது ஆண்ட அரசரைக் குறிப்பவை. விக்டோரியா காலத்துக் கத்திகளில் ஜி இருந்த இடத்தில் வி இருக்கும். ஜார்ஜ் என்ற பெயரில் பலர் ஆண்டிருப்பதால், 1820 முதல் 1830 வரை ஆண்ட நான்காம் ஜார்ஜ் காலத்துக் கத்தியாக இருக்கலாமே என்று முதலில் ஆசை வரும். ஆனால் இங்கிலாந்து என்ற சொல் அந்த ஆசையைக் கெடுத்துவிடுகிறது. அமெரிக்கா 1890 இல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்தின்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் அவை எந்த நாட்டைச் சேர்ந்தவை என்று குறிக்க வேண்டியிருந்தது. ஷெஃபீல்டு கத்திகளில் நாட்டின் பெயர் பரவலானது அதன் பிறகுதான். எனவே உங்கள் கத்தி ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ் காலத்தது, அதாவது 1910 முதல் 1952 வரையிலான காலத்துக்கு உட்பட்டது என்று கொள்ளலாம்.

துருப்பிடித்திருப்பதை வைத்து 1913 க்கு முந்தையது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹாரி பிரியர்லி துருவேறா எஃகை ஷெஃபீல்டில் உருவாக்கியது அந்த ஆண்டில்தான் என்றாலும், அதற்குப் பிறகும் நெடுங்காலம் கார்பன் எஃகுக் கத்திகள் அங்கே செய்யப்பட்டு வந்தன. பெயரின் எழுத்துகளையும் ஒருமுறை சரிபாருங்கள்: ராட்ஜர்ஸ் என்பதில் ஆங்கில டி எழுத்து இருக்க வேண்டும். ஒலியில் நெருங்கிய பெயரை அடித்து விற்ற கத்திகளும் உண்டு.

கொசப்பேட்டைக்காரன்:

இவ்வளவு பாடு எதற்கு? கரைத்த புளியில் ஒரு மணி நேரம் போட்டால் துரு தானாகக் கழன்று வந்துவிடும். குத்துவிளக்குக்கு அதைத்தானே செய்கிறோம்?

கற்பூரவல்லி:

குத்துவிளக்கு பித்தளை, அதற்கு ஏற்றது இதற்கு ஏற்காது. புளியின் அமிலம் துருவைக் கரைப்பது உண்மைதான், ஆனால் அது கீலுக்குள்ளும் வில்லுக்கு அடியிலும் புகுந்து தங்கினால் கழுவி எடுக்க வழியில்லை. மேலே பளிச்சென்று இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

மயிலைவாசி அவர்களே, துருவுக்கு முன் கைப்பிடியைக் கவனியுங்கள். கத்தரிக்கோலின் ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு ஐயம் எழுந்துவிட்டது. அது தந்தமாக இருந்தால், பக்கத்தில் இருப்பதை இப்படித் துருப்பிடிக்க வைக்காது. தந்தத்தைப் போலவே தோன்றும் செல்லுலாய்டுக் கைப்பிடிகள் அக்காலத்தில் ஏராளமாக வந்தன. இங்கிலாந்தில் அதைச் சைலோனைட் என்றும் அழைத்தார்கள். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது. முதுமையில் சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிடும். கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் அலகையும் அருகிலிருக்கும் இரும்பையும் அந்த ஆவிதான் முதலில் தாக்கும். ஆவி வெளியேற வழியில்லாத பிஸ்கட் டப்பா அதற்கு மிக மோசமான இடம்.

கைப்பிடியைப் பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் ஐயமே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், தந்தத்தின் குறுக்குவெட்டு முனையில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் சிறு கரும்புள்ளிகள் இருக்கும். செல்லுலாய்டில் கோடு இருந்தால் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இணையாக ஓடும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும். வெந்நீர், தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் அதன்மேல் படக்கூடாது. சாணைக்கல் அவர்கள் சொன்னபடி முழுக் கத்தியையும் ஊறவைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. மண்ணெண்ணெயைத் துளித்துளியாகக் கீலில் மட்டும் விட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள்.

தந்தம் என்றே தெரியவந்தால் விற்கும் பேச்சை விட்டுவிடுங்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்தைத் தடைசெய்கிறது. ஆயுதச் சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: அதன் விதிகளில் சொல்லப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு.

சாணைக்கல்:

ஊறவைக்கும் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். என்னிடம் இருந்தவை எல்லாம் எலும்பும் மரமும் போட்டவை. செல்லுலாய்டு நினைவுக்கு வரவில்லை.

மயிலைவாசி:

அனைவருக்கும் நன்றி. பெருவிரலால் தேய்த்து முகர்ந்ததும் பூஜையறையில் நிற்பதுபோல் இருந்தது. கோடுகள் பள்ளிக் குறிப்பேட்டில் இருப்பவைபோல் நேராக ஓடுகின்றன. ஓர் ஆணியைச் சுற்றி முடி போன்ற விரிசல்களும் விழுந்திருக்கின்றன. பெயரில் டி எழுத்து இருக்கிறது.

கீலில் மண்ணெண்ணெய் விட்ட மூன்றாம் நாள் சிறிய அலகு அசைந்தது. எண்ணெய் விட்டு நாலைந்து முறை மெதுவாகத் திறந்து மூடியபின், வில் பழையபடி டக்கென்று ஒலிக்கிறது. செந்துரு ஏறக்குறைய போய்விட்டது, பொட்டின் குழி கரும்புள்ளியாக அப்படியே இருக்கிறது. கத்தியை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், வேறு எதனோடும் சேர்க்காமல், அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன். வரும் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைப் பெட்டியின் மேல் வைத்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.