பார்கின்சன் உள்ளவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? கோபம் வந்த நாளைச் சொல்லுங்கள்

மந்தைவெளி வாசகி:
நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்குப் பார்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் வந்து 7 வருடம். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் எனக்குப் பழகிவிட்டது, பழகாதது அவர் முகம்தான். வத்தக்குழம்பு வைத்தாலும், பேத்தி வந்து மடியில் உட்கார்ந்தாலும் அதே முகம். நான் செய்வது எதுவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தேன்.

போன ஆடியில் ஒரு நாள் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது, வழியை அடைத்துக்கொண்டு இவர். "நகருங்களேன், வேணும்னே செய்றீங்களா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி படுத்த பிறகு, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும் குரலில், "கால் வரல, நான் என்ன பண்ணட்டும்" என்றார்.

அந்த வாரம் பிசியோதெரபிக்கு வரும் பெண்ணிடம் அழுதேவிட்டேன். இந்த நோயில் முகமும் இறுகிப்போகும், உள்ளே சிரிப்பு இருந்தாலும் வெளியே தெரியாது என்றாள். கால் அப்படி உறைந்துபோகும்போது பிடித்து இழுக்கக் கூடாதாம். தரையில் தாண்டுவதற்குக் கோடு இருந்தால் பலருக்குக் கால் எழும்புமாம். கோடு இழுக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? சமையலறை வாசலிலும் பாத்ரூம் வாசலிலும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக மூன்று காவிப் பட்டை இழுத்துவிட்டேன். பத்து தடவையில் ஏழு தடவை தாண்டிவிடுகிறார். மீதி மூன்று தடவை எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, பொய் சொல்லவில்லை.

வேளச்சேரி வாசகர்:
நான் இரண்டு மாதம் அப்பாவிடம் பேசவே இல்லை அம்மா. சீட்டுக்கட்டையே தொடாத மனிதர், சில வருடங்களுக்கு முன்பு திடீரென்று ராத்திரியெல்லாம் போனில் பணம் வைத்து ரம்மி ஆட ஆரம்பித்தார். பென்ஷனில் 40,000 ரூபாய் போனது. வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று திட்டிப் போனைப் பிடுங்கினேன்.

நரம்பியல் டாக்டரிடம் வேறு எதற்கோ போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பார்கின்சனுக்கு அப்பா சாப்பிடும் பிரமிபெக்சோல் மாதிரி மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டம், கண்டதை வாங்குவது என்று ஒரு வெறியைக் கிளப்பிவிடுமாம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு தொல்லை.) ரம்மியும் நின்றது. இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று டாக்டர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் சேர்ந்து டீ குடிக்கிறோம், அவ்வளவுதான்.

கொளத்தூர் வாசகி:
எனக்கு மாமியார். கோபம் என்று எழுதவே பயமாக இருக்கிறது, நாத்தனார்கள் படித்துவிட்டால்?

ஒரு நாளைக்கு 5 வேளை லெவோடோபா என்கிற பார்கின்சன் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும், பால், பருப்போடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது. என் நாளே அந்த மாத்திரை டப்பாவைச் சுற்றித்தான். தண்ணீர் டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போவேன். மோட்டாரை எப்போதோ நிறுத்தியிருப்பேன். அங்கேதான் என் அழுகையெல்லாம்.

ஒரு ராத்திரி அங்கிருந்தே 14416க்கு அடித்தேன், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசினார்கள். பெரிய வழி எதுவும் சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்கள். இந்த வீட்டில் எனக்கு அது கிடைத்ததே இல்லை.

மந்தைவெளி வாசகி:
கொளத்தூர் தங்கச்சி, அந்த நாத்தனார்களில் ஒருத்தியை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இருக்கச் சொல்லிக் கேள். அவர்களைப் பெற்றவள்தானே! என் மகனிடம் இப்படிக் கேட்க எனக்கு 6 வருடம் ஆனது. இப்போது இரண்டாவது சனிக்கிழமை அவன் வந்துவிடுவான், நான் கபாலி கோயிலுக்குப் போய் பிரகாரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். முதல் தடவை பயந்துபோய் 40 நிமிடத்தில் திரும்பிவிட்டேன். போன மாதம் 2 மணி நேரம். வரும்போது வடக்கு மாட வீதியில் எனக்கென்று ஒரு முழம் பூ வாங்கினேன்.

சரி, 4 மணி மாத்திரைக்கு அலாரம் அடிக்கிறது. அப்புறம் வருகிறேன்.