மகனின் தூக்க மூச்சுத்தடை: அனுபவமுள்ள பெற்றோரின் உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் அருகே தோட்டத்தில் வசிக்கும் எங்களுக்கு டவுன் சின்ட்ரோம் உள்ள 5 வயது மகன் இருக்கிறான். இரவில் உட்கார்ந்தவாக்கில் முன்னால் கவிழ்ந்தே தூங்குகிறான். குறட்டை திடீரென நின்றுபோக, நான் பதறி மூக்கருகே விரலை வைக்கும்போது வெடுக்கென்று மூச்சை இழுக்கிறான். ஒரு கிளினிக்கில் மூன்று முறையும் இருமல் மருந்துதான் கொடுத்தார்கள். தசைத் தளர்ச்சி, குறுகலான மூச்சுப்பாதை, பெருத்த டான்சில் (தொண்டைச் சதை), அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) ஆகியவற்றால் இப்பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது சகஜம் என்பதையும், குறட்டை இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்யும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதையும் தாமதமாகவே அறிந்தேன்.

பேராக்கில் குழந்தைகளுக்கு இப்பரிசோதனையை எங்கே செய்கிறார்கள், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? அடினாய்டு அறுவைக்குப் பிறகும் சிபேப் முகமூடி (தூங்கும்போது மூச்சுப்பாதை அடைபடாமல் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் கருவியின் முகமூடி) தேவைப்பட்டிருந்தால், பிள்ளையை அதற்கு எப்படிப் பழக்கினீர்கள்? முகம் துடைக்கத் துண்டை எடுத்தாலே இவன் தட்டிவிடுகிறான்.