புதுப்பிப்பு: ரீப்பரில் மிக்ஸ் செய்தால் சவுண்ட் மெலிகிறதா?

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் செய்தால் (பதிவுகளைக் கலந்து ஒன்றாக்கினால்) சவுண்ட் மெலிகிறதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கோயில் கொடை விழாவுக்காகப் பதிவு செய்த வில்லுப்பாட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தபோது, "ரீப்பரா? புரோ டூல்ஸ்ல பண்ணாத்தான் சவுண்ட் நிக்கும்"னு சொல்லிவிட்டார்கள். புரோ டூல்ஸ் ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்தும் இன்னொரு மென்பொருள். மனசு ரொம்ப வலித்தது.

சரி, சோதித்தே பார்த்துவிட்டேன். பாளையங்கோட்டையில் புரோ டூல்ஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒரு ஞாயிறு முழுக்க எனக்காக உட்கார்ந்தார். வில், உடுக்கை, குடம், தாளம், குரல் என்று அதே வேவ் ஃபைல்கள் (ஒலிக்கோப்புகள்), பிளகின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) எதுவும் போடாமல், இரண்டிலும் ஒரே அளவில் வைத்து 24 பிட்டில் வெளியே எடுத்து, ஒன்றின் ஃபேஸைத் திருப்பி (ஒலி அலையைத் தலைகீழாக்கி) இன்னொன்றோடு சேர்த்து ஓட்டினோம். இரண்டும் ஒன்றென்றால் ஒன்றையொன்று அழித்து அமைதிதான் மிஞ்ச வேண்டும். முதல் தடவை குடச் சத்தம் லேசாக மிஞ்சியது, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. காரணம் பேன் லா, அதாவது சத்தத்தை இடம், வலம், நடு என்று வைக்கும்போது அதன் அளவு எவ்வளவு மாற வேண்டும் என்ற அமைப்பு. இரண்டு மென்பொருளிலும் அந்த அமைப்பு வேறு வேறாக இருந்தது. இரண்டையும் மைனஸ் 3 டெசிபலுக்கு மாற்றியதும் காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை!

அப்படியென்றால் சவுண்ட் மெலிந்தது மென்பொருளால் இல்லை, மைக் வைத்த இடத்தால்தான். குடத்தின் வாய்க்கு நேரே வைக்காமல் தள்ளி வைத்திருந்தேன், அதை மறுபடி பதிவு செய்யப் போகிறேன்.

புரோ டூல்ஸுக்கு இருக்கும் மதிப்பு விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சினிமா மிக்ஸிங்குக்கு செஷனையே (மென்பொருளின் வேலைக் கோப்பையே) கொடுக்க வேண்டுமென்றால் புரோ டூல்ஸ் தெரிந்திருக்க வேண்டும். மற்றபடி வேவ் ஃபைல்களைக் கொடுத்தால் எதில் செய்தேன் என்று காதால் கேட்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.