ஆஸ்கார்ட் கணவாயில் ஒரு வெள்ளாடு

மலைப்பாதையில் எதிர்ப்பட்ட விலங்குகளைப் பற்றிப் பேச்சு வந்ததும், இங்கே எல்லோரும் கரடிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். என்னுடையது ஆட்டுக் கதை. சிரிக்காமல் படியுங்கள்.

இடம் வாஷிங்டன் மாநிலம், லெவன்வொர்த் ஊரை ஒட்டிய ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதி. 700 ஏரிகளாவது இருக்கும். அதில் என்சான்ட்மென்ட்ஸ் ஏரிகளை ஒரே நாளில் ஓடிக் கடப்பது என் நெடுநாள் ஆசை. சீசனில் ராத்தங்க வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எனக்கு விழுந்ததே இல்லை. பகலிலேயே போய்த் திரும்புபவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பாதை தொடங்கும் இடத்தில் இலவசச் சீட்டை நாமே எழுதிக்கொள்ளலாம். ஸ்டூவர்ட் ஏரிப் பக்கம் ஏறி ஸ்னோ லேக்ஸ் பக்கம் இறங்கினால் சுமார் 18 மைல்.

ஓட்டம் என்று பெயர்தான். கோல்ச்சக் ஏரியைத் தாண்டியதும் ஆஸ்கார்ட் கணவாய் செங்குத்தாக நிற்கிறது. ஒரு மைலுக்குள் 2,000 அடிக்கு மேல் ஏற்றம். கையையும் ஊன்றித்தான் ஏறினேன். 7,800 அடி உச்சியைத் தொட்டபோது சட்டை உப்புப் பூத்துக் கிடந்தது.

அங்கேதான் வந்தது. ஊரில் கறுப்பு வெள்ளாடும் பார்த்திருக்கிறேன், பழுப்பு வெள்ளாடும் பார்த்திருக்கிறேன். பெயருக்கேற்ற வெள்ளாட்டை அன்றுதான் பார்த்தேன். கொம்பு, மூக்கு, குளம்பு தவிர எல்லாம் வெள்ளை. ஜூலை மாதம் என்பதால் பழைய ரோமம் தோளில் கந்தலாகத் தொங்கியது. (பெயர் மலையாடு. இதுவும் நம் வரையாடு மாதிரிதான், வெள்ளாட்டுக்கு உறவு, ஆனால் அசல் வெள்ளாடு இல்லையாம்.)

நான் பாறை மறைவில் ஒதுங்கினேன். பின்னாலேயே வந்து, கடன் கேட்க வந்தவர்போல நின்றது. நான் நகர்ந்ததுதான் தாமதம், நனைந்த பாறையை நக்க ஆரம்பித்துவிட்டது. அரத்தால் தேய்ப்பதுபோல சரக், சரக் என்று சத்தம். நான் ஐந்தடி தூரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து படித்தபிறகுதான் கை நடுங்கியது. மலையில் உப்புக்குப் பஞ்சம், மனித மூத்திரத்தில் அது கிடைக்கிறது, அதனால் நம்மைச் சுற்றுகிறது. செடியில் போனால் மண்ணோடு கிளறிவிடுமாம், அதனால்தான் வெறும் பாறையில் போகச் சொல்கிறார்கள். 150 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். 2010இல் இதே மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் மலையாடு ஒன்று குத்தி, நடைபயணி ஒருவர் இறந்திருக்கிறார்.

மீதி வழியெல்லாம் இறக்கம். முழங்காலைப் பற்றிக் கேட்காதீர்கள்.

---

நண்பரே, எனக்கு ஆட்டைவிட ஆஸ்கார்டின் பனிதான் பயம். ஜூன் மாதத்தில், சரிவின் நடுவே பனி மேல் சறுக்கி இறங்கலாம் என்று தோன்றும். அடியில் அருவி ஓடுகிறது, பனி உடைந்து உள்ளே விழுந்து இறந்தவர்கள் உண்டு. ஏறும்போது இடப்பக்கமாகவே போங்கள்.

---

அப்புறம் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட உட்காராதீர்கள். கைப்பிடி வாரில் நம் வியர்வை ஊறியிருக்கும். என்னுடைய வாரை ஒரு மலையாடு மென்றே தீர்த்துவிட்டது. இப்போது அதில் செருப்பு வாரைக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.