டீலர் டெமோ விண்ட்சர்: 14.75 கேக்கறாங்க, எவ்வளவுக்கு முடிக்கலாம்?

திருவொற்றியூர்வாசி:
டீலர்கிட்ட டெமோவா (டெஸ்ட் டிரைவுக்கு) ஓடின எம்ஜி விண்ட்சர் எலெக்ட்ரிக் கார் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. டாப் மாடல், 38 யூனிட் (கிலோவாட் ஹவர்) பேட்டரி. 9 மாசம் ஆச்சு, 7,400 கி.மீ. ஓடியிருக்கு. புது வண்டிக்கு அவங்களே கொடுத்த கொட்டேஷன்ல எக்ஸ்-ஷோரூம் 16 லட்சம். டெமோவுக்கு 14.75 கேக்கறாங்க, "அதுக்கு மேல ஜிஎஸ்டி தனி"ன்னு வாய் வார்த்தையா வேற சொல்றாங்க. ஆர்சி டீலர் பேர்ல இருக்கு. எனக்கு தினமும் அம்பத்தூர் எஸ்டேட் போய்வர 40 கி.மீ. சொச்சம். வீடு பிளாட், கீழே ஸ்டில்ட் பார்க்கிங், சிங்கிள் பேஸ் லைன். எங்கேர்ந்து பேரத்தை ஆரம்பிக்கறது? வண்டியில எதைப் பார்க்கணும்?

கணக்குப்புள்ள:
விலையைப் பேசறதுக்கு முன்னாடி ஆர்சி விஷயத்தை முழுசா புரிஞ்சுக்குங்க, மொத்த பேரமும் அதுலதான் நிக்குது.

டீலர் பேர்ல பதிவாகியிருந்தா நீங்க ரெண்டாவது ஓனர். விண்ட்சருக்கு பேட்டரி வாழ்நாள் வாரன்டி முதல் ஓனருக்கு மட்டும்தான். கை மாறினா 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ.ன்னு சுருங்கிடும், அதுலயும் 9 மாசம் ஏற்கெனவே போச்சு. அதனால "டெமோன்னாலும் புதுசு மாதிரிதான் சார்"னு சேல்ஸ் பையன் சொன்னா, "அப்போ வாழ்நாள் வாரன்டி என் பேருக்கு வரும்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. எழுதித் தர மாட்டாங்க. பேரம் அந்த இடத்துலேர்ந்து தொடங்கட்டும்.

இப்ப கணக்கு. டெமோ விலையை லிஸ்ட் விலையோட ஒப்பிடாதீங்க, புது வண்டி இன்னிக்கு உண்மையில எவ்வளவுக்குக் கிடைக்குதோ அதோட ஒப்பிடுங்க. வேற ஒரு டீலர்கிட்ட போய் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எல்லாம் கழிச்ச கொட்டேஷன் எழுத்துல வாங்கிடுங்க. உதாரணத்துக்கு 50,000 தள்ளுபடின்னா புதுசே 15.5. அவங்க கேக்கறதுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் வெறும் 75,000. அதுக்கு வாழ்நாள் வாரன்டியை விடறது அறிவில்லாத வேலை.

இன்ஷூரன்ஸ்ல வண்டி மதிப்பைத் தேய்க்க ஒரு பட்டியல் இருக்கு: 6 மாசம் வரை 5%, 6 மாசத்துலேர்ந்து 1 வருஷம் வரை 15%, ரெண்டு வருஷம் வரை 20%. இன்னும் மூணு மாசத்துல பாலிசி புதுப்பிக்கும்போது இந்த வண்டியோட ஐடிவி (இன்ஷூரன்ஸ்ல போடற வண்டி மதிப்பு) 16 லட்சத்துல 15% போய் 13.6 லட்சத்துக்கிட்ட வந்து நிக்கும். ஐடிவியும் சந்தை விலையும் ஒண்ணு இல்லைதான், ஆனா டீலர் மறுக்க முடியாத எண் அது. 13.6 தான் உங்க உச்சவரம்பு, தொடக்கம் இல்லை. 12.6ல ஆரம்பிங்க, டயர், ரெண்டாவது ஓனர், ஓடிப்போன வாரன்டின்னு ஒவ்வொண்ணா சொல்லி 13.2 பக்கம் முடிக்கப் பாருங்க. மாசக் கடைசி வாரமோ மார்ச் கடைசியோ போனா அவங்களே இறங்கி வருவாங்க.

"ஜிஎஸ்டி தனி"ங்கறதுக்கு மசியாதீங்க. 2025 ஜனவரியிலேர்ந்து டீலர் விக்கற பழைய வண்டிக்கு 18%, ஆனா அது மார்ஜின் மேல மட்டும், அதாவது வித்த விலைக்கும் தேய்மானம் கழிச்ச மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்து மேல. மார்ஜினே மைனஸ்ல இருந்தா வரி இல்லை. அவங்க வாங்கும்போது இன்புட் கிரெடிட் (கட்டின ஜிஎஸ்டியைத் திரும்ப கழிச்சுக்கறது) எடுத்திருந்தா இந்த வழி கிடையாது, எலெக்ட்ரிக் வண்டிக்கான 5% முழு விலைக்கும் வரும். எப்படிப் பார்த்தாலும் முழு விலை மேல 18% கிடையாது. "எல்லாம் சேர்த்து என்ன, ஒரே எண் சொல்லுங்க"ன்னு முடிச்சுடுங்க. பில் 10 லட்சத்துக்கு மேலங்கறதால 1% டிசிஎஸ் (விக்கறவர் உங்ககிட்ட வசூலிச்சுக் கட்டற வருமான வரி) பிடிப்பாங்க. 13.2ன்னா 13,200. அது உங்க பான்ல ஏறும், ரிட்டர்ன்ல திரும்ப எடுத்துக்கலாம், அதனால அதுக்கு சண்டை வேணாம்.

ஹேண்ட்லிங் சார்ஜ், "எசென்ஷியல் கிட்"னு பில்லுல எது வந்தாலும் அடிச்சு விடச் சொல்லுங்க. பணம் முழுக்க டீலர்ஷிப் பேங்க் அக்கவுண்டுக்கு மட்டும். 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது சட்டப்படியே தப்பு, அதைக் கேக்கற ஆளை நம்பி டோக்கன் அட்வான்ஸ் போடாதீங்க.

மணலி ரெஞ்சு:
மேல சொன்ன கணக்கு சரி. வண்டியில என்ன பார்க்கணும்னு நான் சொல்றேன்.

7,400 கி.மீ.ன்னு ஏமாறாதீங்க. டெமோ வண்டி ஓடினதை விட ஆன்ல நின்ன நேரம்தான் அதிகம். வெயில்ல 100% சார்ஜோட நிக்கும், ஏர்கண்டிஷன் ஓடிட்டே இருக்கும், டிஸ்பிளே எரிஞ்சுட்டே இருக்கும். இதுல முதல்ல சாகறது பெரிய பேட்டரி இல்லை, 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது படுத்தா வண்டி உயிரே வராது, பெரிய பேட்டரியில 80% இருந்தாலும் ரிமோட்ல பூட்டு திறக்காது. புது 12 வோல்ட் பேட்டரி போட்டுத் தரணும்னு டீல்லயே சேர்த்துடுங்க.

பெரிய பேட்டரிக்கு ரெண்டு சோதனை. ஒண்ணு, அவங்க சர்வீஸ் சென்டர் ஸ்கேன் டூல்ல பேட்டரி ஆரோக்கிய சதவீதமும் பதிவாகியிருக்கற ஃபால்ட் கோடும் (கோளாறு எண்) பிரிண்ட் எடுத்துக் கேளுங்க. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பறேன்னா வேணாம், சேஸி நம்பர் தெரியற பிரிண்ட். ரெண்டாவது, மீட்டர் கணக்கு. இது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி. வோல்டேஜ் நடுவுல தட்டையா இருக்கும், அதனால ரொம்ப நாள் முழு சார்ஜ் போடாம ஓட்டினா ஸ்கிரீன்ல காட்டற சதவீதம் தடுமாறும். முதல்ல ஸ்லோ சார்ஜ்ல ஒரு தடவை 100 ஏத்தி, ஓட்டி 10%க்கு இறக்கி, திரும்ப ஏசி சார்ஜர்ல 100 வரை போட்டு, இழுத்த யூனிட்டைக் குறிங்க. 38ல 90% = 34.2. சார்ஜர்ல வீணாகறது 10-12% சேர்த்தா சுவத்துலேர்ந்து 38-39 யூனிட் போகணும். 33தான் போச்சுன்னா உள்ள 32-33 யூனிட் பேட்டரிதான் மிச்சம்னு அர்த்தம். அப்போ விலை பேசாதீங்க, எழுந்து வந்துடுங்க.

முன் டயரைப் பாருங்க. இது முன் சக்கர இழுவை, டெஸ்ட் டிரைவ்ல எல்லாரும் "பிக்கப் பாக்கலாமா"ன்னு ஒரு மிதி மிதிச்சிருப்பாங்க. புது டயர்ல 7-8 மி.மீ. ஆழம் இருக்கும், 1.6 சட்ட எல்லை. முன்னாடி 4க்குக் கீழ வந்திருந்தா ரெண்டு டயர் விலையைக் கழிக்கணும். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் போயிருக்கு, இல்லை குழியில விழுந்து லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கீழ் இரும்பு) வளைஞ்சிருக்கு. எண்ணூர் ஹைரோடு, மணலி பக்கம் கன்டெய்னர் லாரி போற ரோட்டுல ஓடின வண்டின்னா இது சகஜம்.

லிஃப்ட்ல ஏத்தி அடியில பேட்டரி தட்டைப் பாருங்க. கீறல் பரவாயில்லை, அமுங்கின குழி இருந்தா வேணாம். வாரன்டி கேக்கறப்போ "வெளி அடி"ன்னு தள்ளிவிட அது ஒண்ணு போதும். தண்ணியில நின்ன வண்டியான்னு தெரிய சீட் பெல்ட்டை முழுசா இழுத்து அடியில மண் கோடு தேடுங்க, சீட் ரெயில் போல்ட்ல துரு பாருங்க. யார்டு எங்க இருக்குன்னும் கேளுங்க. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம்னா மழைக்காலத்துல தண்ணி நிக்காத வருஷம் குறைவு. பிரேக் டிஸ்க்ல மேலோட்டமா துரு இருக்கும். ரீஜென்ல (காலை எடுத்தா மோட்டாரே வேகத்தைக் குறைச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது) பிரேக்கே அதிகம் மிதிபடாது, கூட நம்ம கடல் காத்து. நாலு தடவை அழுத்தி மிதிச்சா போற துருன்னா ஒண்ணும் இல்லை, ஸ்டியரிங் அதிர்ந்தா டிஸ்க் மாத்தணும்.

அப்புறம் இந்த மாடலுக்கே உரிய ஒண்ணு: சாயற பின் சீட். ஷோரூமுக்கு வந்த குடும்பம் எல்லாம் படுத்துப் பார்த்த சீட் அது. ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. 15.6 இஞ்ச் ஸ்கிரீன்ல மூலை மூலையா தொட்டும் பாருங்க, கண்ணாடி திருப்பறது உட்பட எல்லாம் அதுல தான்.

செங்குன்றம் ஆர்டிஓ வாசல்:
பேப்பர் பக்கம். எம்-பரிவாஹன்ல வண்டி நம்பர் போட்டு பைனான்ஸ் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க. டெமோ வண்டி பெரும்பாலும் டீலரோட பேங்க் லோன்ல இருக்கும். ஃபார்ம் 35ம் (ஆர்சியிலேர்ந்து லோனை நீக்கறதுக்கு) பேங்க் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லைங்கற கடிதம்) கைக்கு வராம முழுப் பணம் கட்டாதீங்க, 10% நிறுத்தி வைங்க. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. நீங்களும் லோன் போட்டா, அதை ஆர்சியில ஏத்த ஃபார்ம் 34. வேற ஆர்டிஓ எல்லையில பதிவாகி இருந்தா ஃபார்ம் 28 என்ஓசியும் வாங்கித் தர வேண்டியது அவங்க பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. வாங்கறவர் 30 நாளுக்குள்ள மாத்தணும். இன்ஷூரன்ஸ் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு வரணும், இல்லைன்னா சொந்த டேமேஜ் கிளெய்ம் சிக்கும். நோ கிளெய்ம் போனஸ் டீலரோடயே போயிடும், அதை உங்களுக்குத் தர்றதா யார் சொன்னாலும் நம்பாதீங்க. முன்னாடி கிளெய்ம் எடுத்திருக்காங்களான்னு பாலிசி நம்பரை வெச்சு கம்பெனியிலயே கேளுங்க.

லோன்லயும் ஒரு சூட்சுமம்: ஆர்சி டீலர் பேர்ல இருந்தா பேங்க் இதைப் பழைய வண்டி லோனாதான் பார்க்கும், வட்டி கூட. அந்த வித்தியாசத்தை அஞ்சு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்து விலையில சேருங்க. இன்னொண்ணு, இந்த மாடலை பேட்டரி வாடகைத் திட்டத்துலயும் விப்பாங்க. இந்த வண்டி பேட்டரியோட முழு விலையில வாங்கினதான்னு டீலரோட பர்ச்சேஸ் இன்வாய்ஸைப் பார்த்து உறுதி செய்ங்க.

சாவி ரெண்டு, போர்ட்டபிள் சார்ஜிங் கேபிள் எல்லாத்தையும் டெலிவரி நோட்டுல எழுதச் சொல்லுங்க. மொபைல் ஆப்ல டீலர் அக்கவுண்ட்லேர்ந்து வண்டியைக் கழட்டி உங்க நம்பருக்கு ஏத்தின பிறகே வெளியே எடுங்க. இல்லைன்னா உங்க வண்டி எங்க நிக்குதுன்னு அவங்க போன்ல தெரிஞ்சுட்டே இருக்கும்.

கணக்குப்புள்ள:
@செங்குன்றம், லோன் வட்டி நல்ல பாயிண்ட், நான் விட்டுட்டேன். அதையும் சேர்த்தா 13.2 கூட அதிகம், 13க்குள்ள கேக்கலாம்.

திருவொற்றியூர்வாசி:
நன்றி எல்லாருக்கும். 7.4 கிலோவாட் வால் பாக்ஸ் "இலவசமா" தர்றேன், விலை குறைக்க மாட்டேங்கறாங்க. வாங்கலாமா? சிங்கிள் பேஸ்ல போடலாமா?

மணலி ரெஞ்சு:
உங்களுக்கு அது தேவையே இல்லை. 40 கி.மீ.க்கு ஆறு யூனிட்டுக்கிட்ட செலவாகும், சார்ஜ் போடும்போது ஆறரை இழுக்கும். 3.3 கிலோவாட் 15 ஆம்ப் சாக்கெட்ல ரெண்டு மணி நேரம். வால் பாக்ஸ் வேணாம், அதோட விலையைக் கழிங்கன்னு திருப்பிப் பேசுங்க. போட்டே ஆகணும்னா 32 ஆம்ப் இழுக்கும்: மின்வாரியத்துல லோடு உயர்த்தணும், 6 சதுர மி.மீ. காப்பர் ஒயர் (மீட்டர் போர்டுலேர்ந்து தூரம் அதிகம்னா 10), 40 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினா விழற பிரேக்கர்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா விழற பிரேக்கர்).

15 ஆம்ப் சாக்கெட்டும் உங்க சொந்த மீட்டர்லேர்ந்து தனி 4 சதுர மி.மீ. லைனா இழுங்க, காமன் லைட் லைன்ல சொருகினா அசோசியேஷன்ல சண்டை வரும். ரெண்டு மாசத்துக்கு, 50 வேலை நாள்னு வெச்சா, 330 யூனிட்டுக்கிட்ட கூடும். இப்ப உங்க பில் 200 யூனிட்டைத் தாண்டினா மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிடும். தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் இல்லை, 101லேர்ந்தே ரேட் கூடும். அதையும் பார்த்துக்குங்க.

எர்த்தை மறக்காதீங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வெச்சா 2-3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதிகமா காட்டினா போர்ட்டபிள் சார்ஜர் சிவப்பு விளக்கு போட்டு நின்னுடும், வண்டி கோளாறுன்னு டீலர் மேல பாய்வீங்க. கடலோரத்துல ஜிஐ பைப் எர்த் சீக்கிரம் துரு தின்னுடும், காப்பர் பூசின ராடு அடிக்கச் சொல்லுங்க.