பழைய மாருதி ஜென் காருக்கு பிரேக் மேம்படுத்தினவங்க அனுபவம்

அல்சூர்வாசி:
என்னோடது 2003 மாடல் ஜென். எஃப்.சி. (தகுதிச் சான்று) 2028 வரைக்கும் இருக்கு, விக்கிற எண்ணமும் இல்லை. இன்ஜின் இன்னும் சொன்ன பேச்சு கேக்குது, பிரேக்தான் கேக்க மாட்டேங்குது. ஹெப்பாள் மேம்பாலத்துல இறங்கறப்போ முன்னாடி ஆட்டோ சடன்னு நின்னா பெடல் மேல ஏறி நிக்கணும். ஜே.சி. ரோடுல ஒரு கடையில "நாலு வீலுக்கும் டிஸ்க் போட்ருங்க சார்"னாங்க. எங்க மெக்கானிக் அண்ணன், "தம்பி, இருக்கிறத முதல்ல கழட்டிப் பாப்போம்"னார்.

பின்வீல் பிரேக் டிரம்மைக் கழட்டினா, ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் ரப்பர் ஓரமா பிரேக் ஆயில் கசிஞ்சு, டிரம்மை உள்ளேருந்து அழுத்திப் பிடிக்கிற அந்த ஷூ மேல கறுப்புச் சேறா அப்பியிருக்கு. முன்வீலுக்கு ஆயில் போற ரப்பர் ஹோஸை வளைச்சுக் காட்டினார், மயிரிழை மயிரிழையா வெடிப்பு. நான் பெடலை மிதிக்க மிதிக்க ஹோஸ் உப்புறது கண்ணுக்கே தெரிஞ்சது. மிதிக்கிற அழுத்தம் அங்கயே வீணாப் போனா டிஸ்க்கைப் பேடால கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்கு எங்கேருந்து போகும்? ஆயில் டிகாக்ஷன் நிறத்துல இருந்தது.

ஹோஸ், வீல் சிலிண்டர், ஷூ, முன்பக்க டிஸ்க், பேட் எல்லாம் ஒரிஜினல் சைஸ்லயே புதுசு. ஆயில் மட்டும் டாட் 3ங்கற தரத்துக்குப் பதிலா டாட் 4. புது டாட் 3 கொதிக்கிறது குறைஞ்சது 205 டிகிரியில, டாட் 4 230ல. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டா ரெண்டுக்கும் கொதிநிலை இறங்கிடும், அதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும்ங்கறாங்க. டாட் 5 வேற ஜாதி, சிலிக்கான். இதோட கலக்கவே கூடாது. 145 மி.மீ. அகல டயரைத் தூக்கிட்டு 155 போட்டேன். கடைசியில வண்டியை நிறுத்துறது டயர்தானே! இப்போ பெடல் கல்லு மாதிரி நிக்குது.

விவேக்நகர் அக்கா:
ஏலகிரி போய்ட்டு வாங்க தம்பி, அப்பத் தெரியும். 14 கொண்டை ஊசி வளைவு. என் சான்ட்ரோவுல மலிவு பேட் போட்டுக் குடுத்திருந்தாங்க. பாதி இறக்கத்துலயே கருகின வாசனை, பெடல் நல்லாத்தான் இருக்கு, வண்டி மட்டும் நிக்கல. செகண்ட் கியர்ல போட்டு இன்ஜின் பிடியிலயே இறக்கினோம். நல்ல பேட் போட்டப்புறம் அதே இறக்கத்துல அந்தத் தொல்லை இல்லை.

ஒசூர் ரோடு:
நாலு வீல் டிஸ்க் ஆசை இருக்கிறவங்களுக்கு: என் வண்டியில பின்னாடி டிஸ்க் போட்டேன், பாக்க ஜோர். முதல் மழையிலயே பின்பக்கம் சறுக்கி வண்டி குறுக்கால திரும்பிடுச்சு. பிரேக் பிடிச்சா எடை முன்னாடி போகுது, பின்வீல் லேசாகுது. பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு கம்பெனி டிரம்முக்குன்னு கணக்குப் பண்ணி வச்சது. பின்வீல் முதல்ல சுத்தாம லாக் ஆனா அவ்வளவுதான். மறுபடி டிரம்முக்கே வந்தாச்சு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி வடிவமைப்பை மீறி மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, இன்ஷூரன்ஸையும் யோசிச்சுக்கோங்க.

அல்சூர்வாசி:
அதே மாடல்ல மேல் வேரியன்ட்டுக்கு வர்ற முன் டிஸ்க்கும் காலிப்பரும் கிடைச்சா பாக்கலாம்னு அண்ணன் சொல்றார், அதுவும் வீலுக்குள்ள அடங்கினா.

அக்கா, புதுப் பேடைப் பழக்கினீங்களா? ராத்திரி காலி ரோட்ல 50ல இருந்து 10 வரைக்கும் மிதமா பிடிச்சு விட்டு, முழுசா நிறுத்தாம, பத்துப் பதினஞ்சு தடவை பண்ணுங்க. நடுநடுவுல ஆற விடணும்.