ராத்திரி பதினொன்றரைக்கு யாருக்குப் போன் போடுவீங்க?

கொலுசுக்காரன்:

போன வாரம் டீக்கடையில் நியூயார்க் மேயரைப் பற்றிப் பேச்சு வந்தது. ஸோரான் மம்தானி. வாடகையை ஏற்ற விடமாட்டேன், பஸ்ஸை இலவசமாக விடுவேன் என்று சொல்லி 2025 நவம்பரில் ஜெயித்தவர். "பஸ்ஸா? நம்மூர்ல பொம்பளைங்களுக்கு 2021-லயே ஓசியாச்சே" என்று டீ மாஸ்டர் விஷயத்தை அதோடு முடித்துவிட்டார்.

எனக்கு வேறொன்று மண்டையில் நின்றுபோச்சு. அங்கே போலீஸ் கமிஷனரை நியமிப்பதே மேயர்தானாம். அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் "உன் போலீஸ் என்னை எப்படி நடத்தும்?" என்று நேராகவே கேட்கலாம். நம்ம சேலம் மாநகராட்சியில் 60 வார்டு. 2022-ல் எங்க தெருவுக்கு வந்த வேட்பாளர்கள் சாக்கடை, குழாய், தெருவிளக்கு எல்லாம் பேசினார்கள். ஸ்டேஷன் என்ற சொல் ஒருத்தர் வாயிலும் வரலை. வந்தும் பிரயோசனமில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கு, மேயர் நினைத்தாலும் ஒரு ஏட்டை மாற்ற முடியாது.

சரி, என் கதை. எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்றெல்லாம் வேண்டாம். சிவதாபுரம் பக்கத்துப் பட்டறையில் பற்றவைத்து முடித்த வெள்ளிக் கொலுசு 2 கிலோ 400 கிராம். டவுனில் மெருகுக்குக் கொடுக்க ராத்திரி பதினொன்றரைக்கு டி.வி.எஸ்.ஸில் வந்துகொண்டிருந்தேன். கொலுசு துணிப்பையில், துணிப்பை சாப்பாட்டுத் தூக்கில். தொழிலில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோவோம். நிறுத்தினார்கள். தூக்கைத் திறந்ததும் பில் எங்கே என்றார்கள். வியாபாரி கொடுத்த துண்டுச்சீட்டை நீட்டினேன். தேதி, எடை, பென்சிலில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. எங்க அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அதுதான் பில். டார்ச்சை என் கையில் அடித்துப் பார்த்தார் ஒருத்தர். விரலெல்லாம் கரி. "உன்னைப் பார்த்தா வெள்ளி வச்சிருக்கிற ஆளு மாதிரியா இருக்கு?"

ஸ்டேஷனில் பெஞ்சு. ஏற்கெனவே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், விசைத்தறி ஓட்டுகிறவன். தலைமுடி முழுக்கப் பஞ்சு. ஷிஃப்ட் முடிந்து வரும்போது பிடித்திருக்கிறார்கள், வண்டிக்கு ஆர்.சி. கையில் இல்லை. ஒரு பேச்சுப் பேசவில்லை, சட்டையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

பன்னிரண்டரைக்கு ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். இறங்கிய மூணு பேரும் காலேஜ் வயசு. வாடை பெஞ்சு வரைக்கும் வந்தது. ஒருத்தன் போனைப் போட்டு நேராக அதிகாரி காதிலேயே வைத்தான். "சரிங்க... சரிங்க... இல்லீங்க, சும்மா விசாரிக்கத்தான்." அந்த நேரம் பார்த்து ஃபிளாஸ்க்கில் டீ வந்தது. அவர்களுக்கும் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் கார் கிளம்பிவிட்டது.

ஒன்றே முக்காலுக்கு எங்க வியாபாரியை எழுப்பிவிட்டது என் வீட்டுக்காரம்மா. அவர் யாருக்கோ சொல்ல, அந்த யாரோ ஸ்டேஷனுக்குப் போன் போட, எடை போட்டுத் தூக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அந்த அதிகாரி கேட்டது: "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

என்னத்தை முன்னாடி சொல்வது? சீட்டை முதலிலேயே நீட்டினேனே.

பையன் அங்கேயேதான் இருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினேன். கார்க்காரப் பசங்களைத் திட்டி நாலு வருஷமா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானும் அதே வழியில்தான் வெளியே வந்தேன் என்பதைச் சொன்னதில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

தட்டுவடை அக்கா:

நான் சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டு போடறேன் ணா. ஒரு நாள் டிராஃபிக்குக்கு இடைஞ்சல்னு அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. துருவி வச்ச பீட்ரூட் பாத்திரம் கவுந்து ரோடெல்லாம் செவப்பு. பார்த்தவங்க ஆக்சிடெண்ட்டுன்னு நெனச்சு ஓடி வந்தாங்க.

போலீசைக் கேட்டா மாநகராட்சி சொல்லித்தான் எடுத்தோம்ங்கறாங்க. மாநகராட்சியில கேட்டா அது போலீஸ் வேலைங்கறாங்க. கவுன்சிலர் நல்ல மனுஷன்தான், "அக்கா, ஸ்டேஷன் என் கையில இல்ல"ன்னாரு. மூணு நாள் யாவாரம் போச்சு. எங்க சங்கத்துல ஒரு தம்பி சொல்லித்தான் 2014-லயே தெருவோர வியாபாரிகளுக்குன்னு தனிச் சட்டம் இருக்கறதே தெரிஞ்சுது. கணக்கெடுத்து அட்டை குடுக்கறதுக்கு முன்னாடி எங்களைக் கிளப்பக் கூடாதாம். நகர விற்பனைக் குழுவுல நூத்துக்கு நாப்பது பேரு எங்காளுங்களா இருக்கணுமாம். நான் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் போட்டு எண்ணெய்க் கவருக்குள்ள வச்சிருக்கேன். ஒரு தடவை எடுத்துக் காட்டினேன். "இதெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டாங்களே தவிர, படிச்சுப் பாக்கல.

எதிர்ல பெரிய ஜவுளிக்கடை. கார் பார்க்கிங் பூரா ரோட்டு மேலதான். அது இடைஞ்சல்ல சேராது போல.

இருபது வளைவு:

ஏற்காடு மலையில் வண்டி ஓட்டுறேன். சுருக்கமா ஒன்று. ஹெல்மெட் இல்லாட்டி 100 ரூபா இருந்தது, 2022 அக்டோபரில் 1000 ஆச்சு. காபித் தோட்டத்துக்குப் போகிற ஆளுக்கு அது நாள் கணக்கில் கூலி. அடிவாரத்தில் நின்று அழுத ஆளை நானே பார்த்தேன், ஊர்க்காரர். அதே நாள் ஒரு சுற்றுலா கார் கொண்டை ஊசி வளைவில் ஏறுற வண்டிக்கு வழிவிடாம ஓவர்டேக் பண்ணி மாட்டியது. போனில் பணம் கட்டிவிட்டு, தடுப்புச் சுவரில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். ஹெல்மெட் போடத்தான் வேணும், அதில் எனக்குப் பேச்சில்லை.

கொலுசுக்காரன்:

ஃபின்லாந்தில் இதுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சின்னத் தப்பைத் தாண்டினால் அபராதம் ரூபாய்க் கணக்கில் இல்லை, நாள் கணக்கில். இந்தக் குற்றத்துக்கு இத்தனை நாள் என்று போட்டு, அவனவன் வருமானத்தை வைத்துத் தொகை. 1921-லிருந்தே நடக்கிறது. பணக்காரன் ரொம்ப வேகமா ஓட்டினால் லட்சக்கணக்கில் கட்டுகிறான்.

அஸ்தம்பட்டி டூ குவீன்ஸ்:

நியூயார்க்கை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீங்க. நான் அங்கே இருந்த 2011-இல் போலீஸ் தெருவில் நிறுத்திச் சோதித்தது 6,85,000 தடவைக்கு மேல். பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் மேல் ஒரு வழக்கும் இல்லை. மேயர் கையில் போலீஸ் இருந்ததால் நின்றதா? இல்லை. அப்போதைய மேயர் புளூம்பெர்க்தான் அதற்கு முழு ஆதரவு. 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதற்குப் பிறகு அந்தச் சோதனை மளமளவென்று குறைந்தது. ஊரே கொள்ளைக்காடாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை.

என் அனுபவம் இதுதான். டையும் லேப்டாப் பையுமாக மன்ஹாட்டனில் ஏழு வருஷம் நடந்தேன், ஒருவரும் நிறுத்தியதில்லை. என்னோடு அறையில் இருந்தவர் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்தார். அதே ஊர், அதே தோல் நிறம். அவரை ரெண்டு முறை சுவரோரம் நிற்க வைத்திருக்கிறார்கள்.

மம்தானியும் 2020-இல் போலீஸ் நிதியை வெட்டணும் என்றவர்தான். 2025 தேர்தலில் அதை விட்டுவிட்டு, இருந்த கமிஷனரையே வைத்துக்கொள்வேன் என்றார். மனநலச் சிக்கல் உள்ளவர்களிடம் துப்பாக்கிக்காரரை அனுப்பாமல் வேறு ஆட்களை அனுப்பத் தனித்துறை வைப்பேன் என்பதுதான் வாக்குறுதி. போலீஸ் கையால் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட மினியாபோலிஸிலேயே, போலீஸ் துறைக்குப் பதில் வேறொரு துறை வைக்கலாமா என்று 2021-இல் ஓட்டு விட்டபோது ஜனங்கள் வேண்டாம் என்றார்கள். ஏழைத் தெருவுக்கும் போலீஸ் வேணும். கூப்பிட்டால் வருகிற, வந்தால் அடிக்காத போலீஸ்.

ரிட்டயர்டு ஏட்டு:

தம்பிகளா, எல்லாம் படிச்சேன். கோபம் நியாயம்தான். நான் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் 31 வருஷம் இருந்தவன்.

சாயங்காலம் ஆனா மேலேருந்து ஒரே கேள்வி: "இன்னைக்கு எத்தனை?" பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்குக் கணக்கு. சிட்டி போலீஸ் சட்டம் 75-ன்னு ஒரு பிரிவு, பொது இடத்துல குடிச்சுட்டுக் கலாட்டா பண்ணினா போடறது. வெள்ளைக்காரன் 1888-ல போட்ட சட்டம். அதை யார் மேல போடுவோம்? கார்ல வந்தவன் மேல போட்டா மறுநாள் வக்கீலோட வருவான். நடந்து போறவன் மேல போட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிருவான். எந்தச் சாமிக்கும் பயப்படாத இன்ஸ்பெக்டர்கூட போனுக்குப் பயப்படுவார். ஏன்னா அந்தப் போனை மதிக்கலேன்னா அடுத்த வாரம் எங்க இருப்போம்னு தெரியாது. பொண்ணு பிளஸ் டூ படிக்கறப்ப மூணு தடவை மாத்தினாங்க என்னை.

இதுக்குத்தான் பிரகாஷ் சிங்னு உ.பி.யில டி.ஜி.பி.யா இருந்தவர் கேஸ் போட்டு, 2006 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளை போட்டுது. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியை ரெண்டு வருஷத்துக்கு மாத்தாதே. போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்க நீதிபதியா இருந்தவர் தலைமையில தனி ஆணையம் வை. நம்ம மாநிலம் 2013-ல சட்டம் கொண்டுவந்துது. அதுல ஆணையத்துக்குத் தலைவர் யாருன்னா உள்துறைச் செயலர். மாவட்டத்துல கலெக்டர். எங்க மேல புகாரை எங்க வீட்டுப் பெரியவங்களே கேக்கற மாதிரி. யாராவது வெளியாள் கேட்டிருந்தா எங்களுக்கே நல்லது, தப்பான உத்தரவு வந்தா "ஆணையம் கேக்கும் சார்"னு ஒரு சாக்காவது சொல்லியிருப்போம்.

வாராந்திர ஓய்வுக்கு 2021-ல உத்தரவு வந்துது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை பந்தோபஸ்துல நிக்கறவனைக் கேட்டுப் பாருங்க, கடைசியா எப்ப வீட்ல தூங்கினான்னு.

கொலுசுத் தம்பி, ரெண்டு விஷயம். கைதுன்னா உறவுக்காரங்களுக்குச் சொல்லணும், காரணம் சொல்லணும், 24 மணி நேரத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். டி.கே.பாசு கேஸ்ல உச்ச நீதிமன்றம் 1996-லயே தெளிவாச் சொல்லியாச்சு. கைதும் இல்லாம விடுதலையும் இல்லாம ராத்திரி பூரா பெஞ்சுல வைக்கறதுக்குச் சட்டத்துல பேரே இல்ல. இன்னொண்ணு, பென்சில் சீட்டை விட்டுட்டு அச்சடிச்ச டெலிவரி சலான் வாங்கிக்க. தேர்தல் வந்தா பறக்கும் படையும் நிறுத்தும், அவங்களும் கைக்கரியைத்தான் பாப்பாங்க.

தட்டுவடை அக்கா:

ஏட்டய்யா, நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப இதைச் சொல்லியிருக்கலாம்ல?

ரிட்டயர்டு ஏட்டு:

சொல்லியிருக்கலாம்மா.

கொலுசுக்காரன்:

சலானுக்கு வியாபாரியிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். சலான் போட்டால் ஜி.எஸ்.டி. கணக்கில் வரும், அவருக்கு அது வேறு தலைவலி.

அந்தத் தறிப் பையனை ரெண்டு மாசம் கழித்துப் பார்த்தேன். அம்மாபேட்டையில் ஒரு சைக்கிள் கடை வாசலில், அவனேதான் அடையாளம் கண்டு "ணா" என்று கூப்பிட்டான். அன்றைக்கு விடிய விடிய உட்கார வைத்து ஏழு மணிக்கு விட்டார்களாம். வண்டி மட்டும் வரவில்லை, ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் துருப்பிடித்த வண்டிகளோடு நின்றது. தறிக்கு சைக்கிளில் போய்வந்தான். கோபமெல்லாம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுக் கேட்டான்: "அன்னைக்கு உங்களுக்கு ஒரு போன் வந்துச்சே ணா, அந்த நம்பர் எனக்கும் குடுக்கறீங்களா?"

வியாபாரி நம்பரைக் கொடுக்க மனசு வரலை. என் நம்பரைக் கொடுத்தேன். சேமித்து வைத்துக்கொண்டான்.